குளிர்பெட்டியில் ஒரு பாட்டில்

வெள்ளிமலை
28-9-87

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன் எழுதுவது. நான் எங்கே இருக்கிறேன் என்பதை அம்மாவிடம் மட்டும் சொல். அப்பாவுக்குத் தெரியவேண்டாம். வீட்டுக்கு வருகிற போலீஸ்காரர்களிடம் அவருக்குப் பொய் சொல்ல வராது. பெயரைக் கேட்டால் ஊரையும் சேர்த்துச் சொல்லுகிற ஆள் அவர்.

முதலில் உன் கோபத்துக்கு வருகிறேன். பதினாறாம் தேதி பஸ் ஏறிச் சென்னைக்கு வருவதாகச் சொன்னேன், ஏறவில்லை. உண்மைதான். மறுநாள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ஒரு வாரம் என்று சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். எவன் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பான், இரண்டாம் நாளே போலீஸ் வந்து வழியைத் திறந்துவிடும், இருபத்தொன்றாம் தேதி உன் ஆபரேஷனுக்குள் வந்து ரத்தம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சங்கராபுரம் ரோட்டில் பெரிய புளியமரத்தை அறுத்தவர்களில் நானும் ஒருவன். மரம் சாய்ந்தபோது எல்லோரும் விசில் அடித்தார்கள், நானும் அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான், மரத்துக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், அந்தப் பக்கம் சென்னை இருக்கிறது என்று உறைத்தது. உளுந்தூர்பேட்டை வரை நடந்தாவது போய்விடலாம் என்று பார்த்தேன். அங்கேயும் மரம், அதற்கு அப்பாலும் மரம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். பஸ் கண்ணாடி உடைத்த வழக்கில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். மரம் அறுத்தேன், கண்ணாடியில் கை வைக்கவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஜீப் ஓட்டுகிற தங்கதுரை என்னை ராத்திரியோடு ராத்திரியாக மலைக்கு ஏற்றிவிட்டான். வெள்ளிமலைக்கும் அப்பால், இருசப்பன் என்ற மலைக்காரர் வீட்டில் இருக்கிறேன். இங்கே என் பெயர் பழனி. கடிதத்தை அந்தப் பெயரில், தங்கதுரை ஜீப் நிறுத்துகிற டீக்கடைக்குப் போடு. அவன் கொண்டுவந்து கொடுப்பான்.

நான் செய்தது உனக்காகத்தான் அக்கா. நீ வாங்கிய மார்க்குக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் தராமல் திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு நீ அழவில்லை, நான்தான் அழுதேன். வளைந்த முதுகை இன்னும் வளைத்துத் தையல் மெஷின் முன்னால் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

ஆபரேஷன் நடந்ததா? அதை மட்டும் உடனே எழுது.

உன் தம்பி,
இளஞ்செழியன்


சென்னை
6-10-87

தம்பி செழியனுக்கு (கவரின் மேல் மட்டும் பழனிக்கு),

நடக்கவில்லை.

பென்சிலில் எழுதுகிறேன், எழுத்து மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். மல்லாந்து படுத்தபடி அட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து எழுத வேண்டியிருக்கிறது, பேனாவில் மை இறங்குவதில்லை. தலையைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, அதில் கயிறு கட்டி, கட்டிலுக்குப் பின்னால் எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். காலில் இன்னொரு எடை. வளைந்த முதுகை அறுப்பதற்கு முன்னால் இழுத்துக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டுமாம். நீ மலையில் ஒளிந்திருக்கிறாய், சரி. திரும்பிப் படுக்கவாவது உன்னால் முடிகிறது இல்லையா?

எனக்காக மரம் அறுத்தேன் என்று இனி எழுதாதே. நான் உன்னிடம் மரம் கேட்கவில்லை, ஒரு பாட்டில் ரத்தம் கேட்டேன். சீட் கிடைக்காத அன்றைக்கு நான் அழாததற்குக் காரணம், நீ அழுதுகொண்டிருந்தாய், உன்னைச் சமாதானப்படுத்துகிற வேலை எனக்கு இருந்தது. போராட்டம் தப்பென்று நான் சொல்லவில்லை. என்னைக் காட்டி அதில் குதிக்காதே என்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், நன்றாக உறைக்கட்டும். உனக்கும் எனக்கும் பாம்பே வகை ரத்தம். பெற்ற அம்மாவின் ரத்தம்கூட எனக்குச் சேராது. அப்பா தன் அக்கா மகளையே கட்டிக்கொண்டார், அதனால்தான் பிள்ளைகள் இரண்டுக்கும் இப்படி வந்திருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. சென்னையில் இந்த ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று எழுதிப் போட்டுக் கேட்டார்கள், பதிலே இல்லை. அதனால்தான் அந்த மெஷினை ஏற்பாடு செய்தார்கள். அறுக்கும்போது முதுகிலிருந்து வழிகிற ரத்தத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி, ஒரு கிண்ணத்தில் போட்டு வேகமாகச் சுற்றி, உப்புத் தண்ணீரில் கழுவி, சிவப்பு அணுக்களை மட்டும் எடுத்து எனக்கே திருப்பி ஏற்றும்.

அம்மா இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "கீழ ஊத்துன ரத்தத்தையா மறுபடியும் ஏத்துவீங்க? எச்சில் சோறு மாதிரி இல்ல இருக்குது?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அது உங்க பொண்ணோட ரத்தம்மா. அவளுக்கு அதைவிடச் சொந்தமானது வேற இன்னா இருக்குது?" என்றார். காசநோயால் வந்த கூன் என்றால் மெஷினைத் தொடவே மாட்டார்களாம், கிருமியும் சேர்ந்து உள்ளே திரும்பிவிடும் என்று. எனக்கு வளர வளர வளைந்த முதுகு, அந்தப் பயம் இல்லை.

ஆனால் வழிகிற ரத்தத்தில் பாதிதான் மெஷினால் திரும்பும். மீதியில் துணி நனைந்ததும் தரையில் போனதும் உண்டு. அதனால் கத்தி வைப்பதற்கு முன்னால் குளிர்பெட்டியில் இரண்டு பாட்டில் இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஒன்று முன்கூட்டியே என்னிடமிருந்து எடுப்பது, இன்னொன்று உன்னுடையது. என்னுடையதை எடுத்து வைத்திருந்தார்கள். உன்னுடையது வரவில்லை. மெஷினை ஓட்டுகிறவர் திருச்சியிலிருந்து வர வேண்டியவர், அவரும் விழுப்புரத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னால் காரில் உட்கார்ந்திருந்தாராம். நீ அறுத்த மரம் இல்லை, உன் கூட்டாளி எவனாவது அறுத்ததாக இருக்கும். என்னுடைய பாட்டிலும் இந்த மாதக் கடைசியில் கெட்டுப்போய்விடும். மறுபடி எடுக்க வேண்டும்.

இடது கால் பெருவிரல் அசைவதில்லை. வளைந்த எலும்பு உள்ளே நரம்பை அழுத்துகிறதாம். நாள் போகப் போக அது மற்ற விரல்களுக்கும் வரும், பிறகு காலுக்கே வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா உன்னை நினைத்து அழுகிறாள். நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா,
செந்தமிழ்ச்செல்வி


வெள்ளிமலை
15-10-87

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். திட்டு, நன்றாகத் திட்டு. இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

மலை என்றால் நீ என்ன நினைப்பாயோ தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டால் எதிர் வீடு தெரியாது. இருசப்பனோடு சாமைக் கொல்லைக்குப் போகிறேன், களை எடுக்கிறேன், அட்டை கடிக்கிறது. பஸ் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுகிறேன். பஸ்ஸில் யாராவது புது ஆள் இறங்கினால் மரவள்ளிக் கொல்லைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். மலையை விட்டு இறங்க இருப்பது ஒரே ரோடு. அடிவாரத்தில் போலீஸ் நிற்கிறது. ஊர் முழுக்க மரத்தைப் போட்டு அடைத்தவனை ரோட்டில் ஒரு கயிற்றைக் கட்டி அடைத்துவிட்டார்கள்.

இருசப்பன் நல்ல மனிதர். வாயும் உண்டு. நேற்று என்னைப் பார்த்து, "இன்னாபா, வந்தப்போ இட ஒதுக்கீடு இட ஒதுக்கீடுன்னு சொல்லிக்கினு வந்தே. உனக்கு ஒதுக்குன எடம் இந்த ஆட்டுக் கொட்டாதான் போல" என்றார். சிரித்தேன், வேறென்ன செய்ய?

வர வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இல்லை அக்கா. வந்தால் அடிவாரத்திலேயே பிடிப்பார்கள். பிடித்தால் எந்த லாக்கப்பில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரத்தம் கொடுக்காமலேயே உள்ளே போய்விட்டால் உனக்கும் பயனில்லை, எனக்கும் பயனில்லை. வழக்கு கொஞ்சம் ஆறட்டும் என்கிறான் தங்கதுரை. அடுத்த மாதத்துக்குள் ஏதாவது செய்கிறேன்.

நீ மறுபடியும் உன் பாட்டிலை எடுத்து வைத்துவிடு. அது இருந்தால் பாதிக் கவலை குறையும். நன்றாகச் சாப்பிடு.

தம்பி,
செழியன்


சென்னை
26-10-87

தம்பி,

நன்றாகச் சாப்பிடு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இனி மறைத்துப் பயனில்லை.

இன்றைக்குக் காலையில் என்னிடமிருந்து பாட்டில் எடுக்க வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு எடுக்காமலேயே போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே வந்துவிட்டார். "போன தடவை ரத்த அளவு பன்னெண்டு இருந்துச்சி. இப்போ ஒம்போதுக்கும் கம்மி. இன்னாதான் சாப்பிடறே நீ?" என்றார்.  பக்கத்துக் கட்டில் ராணியம்மாள்தான் போட்டு உடைத்துவிட்டாள். "அது எங்கம்மா சாப்புடுது? காலைல முட்டை குடுத்தா என்கிட்டத் தள்ளிடுது. ஒரு வேளை சோறு, அதுவும் ரசத்துல. தம்பிக்கு வேண்டுதலாம்" என்றாள். என் முட்டையையெல்லாம் தின்றுவிட்டு என்னையே காட்டிக்கொடுத்தாள் பார்.

ஆமாம், வேண்டுதல்தான். உன்னைப் போலீஸ் தேடுகிறது என்று தெரிந்த அன்றைக்கு, அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து என் தலையணைக்கு அடியில் வைத்தாள். நீ போலீஸ் கையில் சிக்காமல் வீடு வந்து சேருகிற வரைக்கும் நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, கவுச்சி தொடுவதில்லை என்று திரௌபதை அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். படுத்துக் கிடக்கிறவளால் தீ மிதிக்க முடியாது, மண்சோறு சாப்பிட முடியாது. என்னால் முடிந்தது இது ஒன்றுதான். இரும்புச் சத்து மாத்திரை விழுங்கினேன், வெறும் வயிற்றில் அது தங்காமல் வாந்தியாகிவிட்டது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பிலேயே ரத்தம் இல்லாமல் இருக்கும்போது ஒரு பாட்டிலை எப்படி எடுப்பது? மெஷின் திருப்பித் தருவதும் நீர்த்த ரத்தமாகத்தான் இருக்கும். ஆகக் குளிர்பெட்டியில் என் பாட்டில் இல்லை. உன் பாட்டில் இன்னும் கட்டாயம் ஆகிவிட்டது.

நீ மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பட்டினி கிடந்தேன். பட்டினி கிடந்ததால் நீ வந்தே ஆக வேண்டும் என்று ஆகியிருக்கிறது. இப்படி ஒரு முட்டாள்தனம் நம் வீட்டில்தான் நடக்கும்.

உனக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு தடவை யோசித்தேன். எழுதாவிட்டால் ராணியம்மாளே உனக்குக் கடிதம் போட்டுவிடுவாள்.

செல்வி


2-11-87

அக்கா,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? அம்மனுக்கும் போலீஸுக்கும் என்ன சம்பந்தம்? முட்டையைத் தின்றால் அம்மன் ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவாளா?

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷத்தில் சாப்பிடு. முட்டை, ஈரல், முருங்கைக்கீரை, கொடுக்கிற எதையும் தள்ளாதே. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. காசு முடிந்த துணியை என் பெயரைச் சொல்லி அவிழ்க்கச் சொல்.

சாப்பிட்டேன் என்று எழுதினால்தான் இனி உனக்குக் கடிதம் எழுதுவேன்.

செழியன்


சென்னை
9-11-87

தம்பி,

சாப்பிடவில்லை. கடிதம் எழுத மாட்டேன் என்று பயமுறுத்துகிறாயே, நீ எழுதாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இங்கே என் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, அதில் ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. என் முதுகைப் போல. அதற்கு யாரும் ஆபரேஷன் செய்யவில்லை, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்குப் புரியவில்லை. அம்மனை நீ நம்பவில்லை என்றால் அது உன்னோடு. வேண்டிக்கொண்டவள் நான். வாயால் சொன்ன சொல்லை, எனக்கு உடம்பு நன்றாக வேண்டும் என்பதற்காக நானே எப்படி முறிப்பது? முறித்த மறுநாள் உன்னைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்தால், நிமிர்ந்த முதுகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அம்மா துணியை அவிழ்க்கப் போனாள், அவிழ்க்காமலேயே வைத்துவிட்டாள். "எங்கையால வாணான்டி" என்றாள்.

இன்னொரு செய்தி. வலது கால் பெருவிரலும் நின்றுவிட்டது. காலையில் சாலம்மாள், இங்கே வார்டு கூட்டுகிற அம்மாள், தெரியாமல் துடைப்பத்தால் காலில் இடித்துவிட்டு "ஐயோ, வலிக்குதா கண்ணு?" என்று பதறினாள். இடித்ததே எனக்குத் தெரியவில்லை. 

டாக்டரம்மா டிசம்பர் மூன்று என்று தேதி வைத்திருக்கிறார். மெஷினுக்குப் போடுகிற கிண்ணமும் குழாய்களும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், அது ஒரு செட்தான் கையில் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து அடுத்தது வர ஆறு மாதம் ஆகுமாம். அதற்குள் நான் சாப்பிட்டு உடம்பில் ரத்தம் ஏற வேண்டும், பெட்டியில் ஒரு பாட்டிலாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தியேட்டருக்குள் எடுத்துப்போக மாட்டேன், மேசையிலேயே உன்னைப் பறிகொடுக்க என்னால் முடியாது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் என் கால் இரண்டும் போயிருக்கும்.

உன்னை வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேண்டுதலுக்கு அர்த்தமே இல்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை.

பயமாக இருக்கிறது செழியா.

அக்கா


வெள்ளிமலை
15-11-87

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வருகிறேன்.

ஆத்திரத்தில் எழுதவில்லை, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒளிந்து ஒளிந்து வந்தால் வழியில் எங்காவது மாட்டிக்கொள்வேன், ரத்தம் என்னோடு லாக்கப்பில் கிடக்கும். அதனால் நேராகக் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் போய் நின்றுவிடுகிறேன். சங்கத்து வக்கீலிடம் தங்கதுரை பேசிவிட்டு வந்தான். கோர்ட்டில் சரணடைந்தால் கணக்கில் வந்த கைதி, யாரும் காணாமல் அடிக்க முடியாது. அக்காவுக்கு ரத்தம் கொடுக்க அனுமதி வேண்டும் என்று மனுப் போடலாம், டாக்டரம்மாவின் கடிதம் ஒன்று இருந்தால் நீதிபதி மறுக்க மாட்டார் என்கிறார் வக்கீல். அந்தக் கடிதத்தை அம்மா மூலம் அவருக்கு உடனே அனுப்பச் சொல்.

இருசப்பனிடம் சொன்னேன். களைக்கொட்டைக் கீழே வைத்தார். பிறகு, "மரத்தை அறுத்துட்டு மலை ஏறிட்டே. இப்போ அந்த மரத்தைத் தாண்டிக்கினு போறே. போ" என்றார். வழிக்கென்று சாமைச் சோறு கட்டித் தந்தார்.

மழையில் மலை ரோடு இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது, பஸ் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தைத் தங்கதுரையிடம் கொடுக்கிறேன், ஜீப் இறங்கும்போது கீழே தபாலில் போடுவான். நான் காட்டு வழியாக நடந்து இறங்கப் போகிறேன். இறங்க இறங்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒன்றரை மாதமாக ஒரு இடத்துக்கும் நான் போகவில்லை.

வேண்டுதல் என்ன ஆகும் என்று கேட்பாய். போலீஸ் கையில் சிக்கக் கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டாய்? நான் சிக்கவில்லை, நானே போகிறேன். அதனால் நீ தாராளமாகச் சாப்பிடலாம். அம்மன் ஒத்துக்கொள்வாள், அவளும் பெண்பிள்ளைதானே.

தம்பி,
இளஞ்செழியன்


சென்னை
21-11-87

தம்பி,

இந்தக் கடிதம் உனக்கு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் கடலூர் ஜெயிலுக்கு எழுதுகிறேன். எல்லாம் முடிந்துவிட்டது. உன்னைப் பிடித்துவிட்டார்கள், பிடிக்க வைத்தவள் நான்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் ராணியம்மாளுக்கு அவள் மருமகள் ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள். மிளகு வாசனை வார்டு முழுக்க வந்தது. "வாயைத் தொற கண்ணு, பெத்தவ மாதிரி சொல்றேன்" என்று ஒரு துண்டை உதட்டில் வைத்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கால் விரலும் போய், மற்ற விரல்களும் மரத்துக்கொண்டிருக்கிற நேரம். திறந்தேன். ஒரு துண்டு இல்லை, இலையில் இருந்த அத்தனையும் தின்றேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒரு ருசி. சாயங்காலம் முட்டையும் தின்றேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கண்ணகிச் சித்தி ஊரிலிருந்து வந்து வாசலிலேயே ஒப்பாரி வைத்தாள். "நேத்து கள்ளக்குறிச்சில புள்ளையப் புடிச்சிட்டாங்க அக்கா, வேன்ல ஏத்திக்கினு போனதைப் பார்த்தாங்களாம்" என்றாள். நேற்று என்றால் பதினெட்டு. நான் ஈரல் தின்ற அதே நாள். இரண்டு மாதம் காப்பாற்றிய அம்மன், நான் வாயைத் திறந்த அன்றைக்கே கையை விட்டுவிட்டாள். அம்மா அந்த மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

நேற்றிலிருந்து மறுபடியும் ஒரு வேளைதான். நீ வெளியே வருகிற வரைக்கும் இனி வாயைத் திறக்கமாட்டேன். டாக்டரம்மா கத்துகிறார், கத்தட்டும். தேதியை வேண்டுமானால் வேறு யாருக்காவது கொடுக்கட்டும். என் கால் போனால் போகட்டும், அதற்காக உன்னை இன்னொரு தடவை விற்கமாட்டேன்.

உன்னை அடித்தார்களா? அதை மட்டும் எழுது.

பாவி அக்கா,
செல்வி


மத்தியச் சிறை, கடலூர்
26-11-87

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை யாரும் அடிக்கவில்லை. யாரும் பிடிக்கவும் இல்லை.

பதினைந்தாம் தேதி நான் உனக்கு எழுதிய கடிதம் இன்னும் உன் கைக்கு வரவில்லை என்று உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது. சரிந்த ரோட்டில் தங்கதுரையின் ஜீப் இன்னும் நிற்கிறதாம், கடிதம் அதற்குள் கிடக்கும். வந்ததும் தேதியைப் பார்த்துக்கொள். பதினாறாம் தேதி விடியும்போதே மலையை விட்டு இறங்கிவிட்டேன். இரண்டு நாள் நடந்தேன், வழியில் ஒரு சாவடியில் படுத்தேன். பதினெட்டாம் தேதி காலை கோர்ட் திறந்ததும் வக்கீலோடு நானே உள்ளே போய்க் கூண்டில் ஏறினேன். கண்ணகிச் சித்தி சொன்ன வேன், என்னைக் கோர்ட்டிலிருந்து ஜெயிலுக்கு அழைத்துப்போன வேன். அதில் ஏறும்போது ஒரு கான்ஸ்டபிள், "இன்னாடா, கல்யாணத்துக்குப் போறவன் மாதிரி ஏறுறே" என்றார்.

நீ ஈரலை வாயில் வைத்தது மத்தியானம். நான் கூண்டில் ஏறியது காலை. இதற்கு மேல் எப்படிச் சொல்வது? உன் வாய் என்னை உள்ளே தள்ளவில்லை அக்கா. என் கால்தான் என்னைக் கொண்டுவந்தது. எனக்காக எதையும் செய்யாதே என்று முதல் கடிதத்திலேயே சொன்னாய். இதை எனக்காகத்தான் செய்தேன். அந்த ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, உன் கால் போன செய்தியைத் தபாலில் படிக்கப் பயந்து இறங்கினேன்.

டாக்டரம்மாவின் கடிதம் வராவிட்டாலும், உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பார்த்து நீதிபதி மனுவை ஏற்றுக்கொண்டார். முதல் தேதி போலீஸ் காவலோடு சென்னைக்கு அழைத்து வருகிறார்கள். ஒரு பாட்டில் கொடுப்பேன். ஆனால் நீ பட்டினி கிடந்து உடம்பில் ரத்தம் இல்லையென்றால், அந்த ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு டாக்டரம்மா கத்தி வைக்க மாட்டார். அப்போது நான் உள்ளே வந்ததற்கு ஒரு பொருளும் இல்லை. இங்கே களி வேகாமல் போடுகிறார்கள், உப்பும் இல்லை. அதையும் மிச்சம் வைக்காமல் தின்கிறேன், முதல் தேதி என்னிடமிருந்து நல்ல ரத்தம் எடுக்க வேண்டும் என்பதற்காக. நான் இங்கே தின்பேன், நீ அங்கே பட்டினி கிடப்பாய் என்றால் என்ன நியாயம்?

அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தத் துணியை நீயே அவிழ்த்துவிடு.

தம்பி,
செழியன்


சென்னை
20-12-87

அன்புள்ள தம்பிக்கு,

இது பேனாவில் எழுதுகிற கடிதம். கவனித்தாயா? தலையிலிருந்த வளையத்தை எடுத்துவிட்டார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு போட்டு, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். அரிக்கிறது, சொறிய முடியவில்லை. ஆறு மாதம் இப்படியாம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே துணியை அவிழ்த்தேன். உள்ளே இருந்தது ஒரு ரூபாய் நாணயம், மஞ்சள் ஒட்டிப் பிசுபிசுவென்றிருந்தது. சாலம்மாளிடம் கொடுத்து வெளியே பிள்ளையார் கோவில் உண்டியலில் போடச் சொன்னேன். அம்மனுக்கு நேர்ந்ததைப் பிள்ளையாரிடம் கொடுக்கிறாயே என்று அம்மா திட்டினாள். ஒரு வீட்டு ஆட்கள்தானே, அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். பிறகு தின்றேன், தின்றேன், அப்படித் தின்றேன். தினம் ஊசியும் போட்டார்கள், ரத்தம் ஒன்பதைத் தாண்டியதும் தேதியை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். டாக்டரம்மாவே வந்து, போதும், வயிறு கெட்டுவிடும் என்றார்.

முதல் தேதி நீ வந்ததைச் சாலம்மாள்தான் ஓடி வந்து சொன்னாள். "கீழ ரத்தம் எடுக்கற ரூம்ல ஒரு தம்பியக் கூட்டியாந்து படுக்க வச்சிக்கினு இருக்காங்க. ஒரு கையில ஊசி, ஒரு கையில வெலங்கு, கட்டில் கம்பியோட சேர்த்து. உன்னோட சாடை அப்படியே இருக்குது. உன் தம்பியாம்மா?" என்று கேட்டாள். அம்மா இறங்கி ஓடினாள். நான் தலையில் எடை தொங்க, மாடியில் கிடந்தேன். கீழே போக முடியாது, சன்னலுக்குக்கூடத் திரும்ப முடியாது. உன்னை மேலே வர விடமாட்டார்கள் என்று அம்மா வந்து சொன்னாள். ஒரே கட்டடம், ஒரு மாடிப்படி. உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், கத்திக் கூப்பிட்டேன். உனக்குக் கேட்டதா?

மூன்றாம் தேதி ஆபரேஷன். காலையில் போனவளைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். முதுகில் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். மெஷின் நன்றாக வேலை செய்தது. என் முதுகிலிருந்து வழிந்ததை உறிஞ்சி, கழுவி, மூன்று பைகளாக எனக்கே திருப்பி ஏற்றியதாம். டாக்டரம்மா நினைத்ததைவிட அதிகமாகவே திரும்பி வந்ததாம்.

இப்போது உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் பாட்டிலை எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை. குளிர்பெட்டியில் அப்படியே இருந்தது. நீ ஜெயிலுக்குப் போய்க் கொடுத்த பாட்டில்.

அதைக் கேட்டு இரண்டு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன், அப்படியென்றால் என் தம்பி சும்மாவே உள்ளே போனானா என்று. அவர் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல ஒரு நேரம் ரத்தம் ஜாஸ்தி போச்சு. நிறுத்திட்டு மூடிடலாமான்னு யோசிச்சேன். பெட்டியில உன் தம்பி பாட்டில் இருக்குதுன்னு ஒரு தைரியம். அதனாலதான் மேல போனேன். இல்லன்னா பாதியிலே தைச்சி அனுப்பியிருப்பேன்" என்றார். இதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னார். அவரும் உன்னை அன்றைக்குக் கீழே வந்து பார்த்தாராம், நீ தூங்கிவிட்டாயாம். ஜெயிலில் தூக்கம் வரவில்லையா?

நேற்று இடது கால் பெருவிரல் அசைந்தது. கொஞ்சம்தான். ராணியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அசைய மறுத்துவிட்டது. அவள் போனதும் மறுபடி அசைந்தது.

உனக்கு ஜாமீன் பொங்கலுக்கு முன்னால் கிடையாது என்று வக்கீல் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு ஆனி மாதம் வரைக்கும் கட்டு. நீ முதலில் வெளியே வருகிறாயா, நான் முதலில் வெளியே வருகிறேனா என்று பார்ப்போம். உள்ளே எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் யாருக்கோ பிரசவத்தில் ரத்தம் போய்விட்டதாம், நம் வகையாம், ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். உன் பாட்டிலைக் கொடுக்கலாமா என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். யார், எந்த ஊர், என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. கொடுங்கள் என்றேன்.

நீ ஜெயிலில் கிடக்கிறாய், நான் கட்டுக்குள் கிடக்கிறேன். உன் ரத்தம் மட்டும் ஐஸ் பெட்டியில் ஏறி ரயிலில் பெங்களூருக்குப் போய்விட்டது. வழியில் எந்த மரமும் இல்லையாம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

களி வேகாவிட்டாலும் சாப்பிடு. நானும் சாப்பிடுகிறேன்.

உன் அக்கா,
செந்தமிழ்ச்செல்வி